நுரைக்கு பீரோ கிடையாது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால்
டேங்கர் வேகன்களை எண்ணிக்கொண்டு நிற்பேன்.
கடைசி வேகன் நகர்ந்ததும் கால்வாய்.
மழை பெய்த மறுநாள் தண்ணீரே தெரியாது,
நுரைதான்.
மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் கடக்க
நான் மட்டும் குனிந்து பார்ப்பேன்:
மூன்று படலம் ஒரு கோட்டில் சேர்ந்தால்
இடையிடையே நூற்றிருபது பாகை.
எந்தக் கழிவில் பிறந்தாலும் அது தப்புவதில்லை.

மூன்றாவது மாடி, வீட்டு வசதி வாரியம்,
முந்நூற்று இருபது சதுர அடி.
அதன் ஒரு மூலையில் என் கம்ப்யூட்டர்
இரவெல்லாம் குமிழிகளை இழைத்துக்கொண்டிருக்கும்.
முரட்டுப் பெட்டிகளாகத்தான் கொடுப்பேன்.
முகங்களை முக்கோணமாய் நறுக்கி,
ஒவ்வொரு முனையையும் நூலளவு நகர்த்தி,
உள்ளே இருக்கும் காற்று குறையாமல்
சுற்றியுள்ள தோலை மட்டும் குறைத்துப் பார்க்கும்.
ஐந்து புள்ளி மூன்று நான்கு.
ஐந்து புள்ளி மூன்று ஒன்று.
பிறகு ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு
இதுதான் அடி என்று சாதிக்கும்.
லேசாகக் குலுக்கிவிட வேண்டும்.
குலுக்கினால் மறுபடி இறங்கும்.

"சோப்பு நுரைக்கா சம்பளம் குடுக்கறாங்க?"
பியூலா அண்ணி கேட்டாள்.
உதவித்தொகை, அண்ணி. அதுவும் நாலு மாசமா வரல.

அப்பாவின் நாற்பத்தோராம் நாள் ஜெபம் முடிந்து
நாற்காலிகளை வாடகைக்காரர் எடுத்துப்போன பிறகு
பிரிச்சுக்கலாம் என்றான் தீனன் அண்ணன்.
அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தம்பி சீலனுக்கு ஒன்று.
சண்டை இல்லை. சத்தம்கூட இல்லை.
அதுதான் பயமாயிருந்தது.

தச்சர் நாகூர் மீரான் வந்தார், காதில் பென்சில்.
பிளைவுட் சதுர அடி எழுபத்தெட்டு ரூபாய்.
தடுப்புக்குத்தான் காசு, காற்றுக்கு இல்லை;
எனக்குத் தெரிந்த கணக்கு.
அவர் நோட்டின் பின்னட்டையில் வரைந்தேன்:
நடுப்புள்ளியில் மூன்று பலகை, நூற்றிருபது பாகை,
சுவரைத் தொடும் இடத்தில் செங்குத்து,
கொஞ்சம் வளைவு.
நானூறு ஐந்நூறு மிச்சம் பாய்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நல்லாத்தாம்மா கீது.
பீரோவ எந்த மூலைல நிறுத்துவ?"

நுரைக்கு பீரோ கிடையாது.
கட்டில் கிடையாது, காஸ் சிலிண்டர் கிடையாது,
தூளி கட்டக் கொக்கி கிடையாது.

இருந்தும் விடவில்லை.
பங்கு சமமாயிருந்தால் போதும்,
எல்லா அறையும் ஒரே வடிவம் வேண்டாம் என்றேன்.
பதினாலு முகக் குமிழிதான் சிக்கனம் என்று
நூறு வருஷத்துக்கு மேல் நம்பியிருந்தார்கள்.
பன்னிரண்டு முகத்தில் இரண்டு,
பதினாலு முகத்தில் ஆறு எனக் கலந்து அடுக்கியதும்
ஆயிரத்தில் மூன்று பங்கு தோல் மிச்சம்.
"அப்ப பரண் எனக்கு" என்றான் சீலன்.
யாரும் சிரிக்கக் கூடாது என்றிருந்தோம்.
அண்ணி முதலில் சிரித்தாள்.

பலகை வாங்கும்வரைக்கும்
பொங்கலுக்கு ரேஷனில் வந்த புடவைகளைக் கட்டினோம்.
மின்விசிறிக் கொக்கியிலிருந்து மூன்று கயிறு.
டேப் வைத்து நான்தான் அளந்தேன். சமம்.

இரவு ஒன்றரைக்கு கரண்ட் போனது.
ஐந்து புள்ளி இரண்டு ஒன்பதில் இருந்தது திரை.
சேமிக்கவில்லை.
இருட்டில் புடவை என் பக்கமாகப் புடைத்திருந்தது.
சின்னக் குமிழியில்தான் அழுத்தம் அதிகம்,
படலம் பெரியதை நோக்கி வளையும்.
அந்தப் பக்கம் மூன்று பேர்,
அதில் ஒருத்திக்குப் பல் முளைக்கிற ஜுரம்.
இந்தப் பக்கம் நானும் ஒரு மேஜையும்.

மேஜையை ஒரு அடி பின்னால் இழுத்தேன்.
கயிற்றைத் தளர்த்தினேன்.
"யாரது?" என்றாள் அண்ணி, தூக்கத்தில்.
ஒண்ணுமில்ல, குலுக்கிப் பார்க்கிறேன்.

மூன்றே முக்காலுக்கு வெளிச்சம் வந்தது.
பெட்டிகள் மறுபடி முரடாக,
முதலிலிருந்து.
கேட்டில் கூட்ஸ் வண்டி ஊதியது.
ஐந்து புள்ளி மூன்று நான்கு.